படிவத்தில் எழுதாத மாத்திரை

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசைத் தாண்டி ஒரு டிபன் கடையில் நானும் மனைவி சாந்தியும் இட்லி சாப்பிடுகிறோம். அடுத்த மாதம் இருபது நாள் சொகுசுக் கப்பலில் போகப்போவதாகச் சொன்னதும், கடைக்காரர் சேகர் கரண்டியை வைத்துவிட்டு வருகிறார். அப்படிப்பட்ட கப்பலில் பல வருடம் சமையல்காரராக இருந்தவராம்.

"பயண இன்சூரன்ஸ் எடுத்துட்டீங்களா சார்? படிவத்துல பிபி, சுகர் எல்லாம் எழுதினீங்களா?"

"எனக்கு பிபி இருக்கு. எழுதினா பிரீமியம் ஜாஸ்தியாகும்னு விட்டுட்டேன்."

"அப்படிப் பண்ணாதீங்க. எங்க கப்பல்ல ஒருத்தருக்கு நெஞ்சு வலி வந்து, நடுவழியில ஒரு துறைமுகத்துல எறக்கிட்டாங்க. பிபிய மறைச்சிட்டாருன்னு இன்சூரன்ஸ்ல ஒண்ணும் தரல. ஆஸ்பத்திரி செலவுக்கு வீட்டையே வித்தாங்க."

மீதி இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுகிறேன். கை கழுவிவிட்டு இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்குப் போன் செய்து என் பிபியைப் பற்றிச் சொல்கிறேன். படிவத்தைத் திருத்திவிடலாம், பணம் கொஞ்சம் கூடும் என்கிறார்.

சாந்தி என் கையைப் பிடிக்கிறாள். "வச்சிடாதீங்க. என் சுகரையும் சொல்லிடுங்க."

"உனக்கு ஏது சுகர்?"

"ஆறு மாசமா இருக்கு. தெரிஞ்சா பயணத்தையே நிறுத்திடுவீங்கன்னு சொல்லல."

ஏஜெண்ட் லைனில் காத்திருக்கிறார்.

போனை அவளிடம் நீட்டுகிறேன். "மாத்திரை பேரை நீயே சொல்லு. ரெண்டு பேர் மாத்திரையையும் ஒரே பையில எடுத்துக்கலாம்."