எல்லோரும் ஊற்றிய தண்ணீர்

தபால் நிலையத்தில் அம்மாவுக்குத் ‘தராசு’ என்று பெயர். பொட்டலத்தைக் கையில் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு எடையைச் சொல்லிவிடுவாள். தராசில் வைத்தால் முள் பெரும்பாலும் அங்கேதான் போய் நிற்கும். நிற்காத நாளில், தராசு கெட்டுவிட்டது என்று பழுது பார்க்க ஆளைக் கூப்பிடுவாள். வந்தவர் திருகாணி இரண்டைக் கழற்றி மாட்டிவிட்டு, “சரியாயிடுச்சும்மா” என்று சொல்லிவிட்டுப் போவார். கெட்டது எது என்று அவருக்குத் தெரியும். சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ள அவருக்கென்ன தலையெழுத்தா?

ஓய்வு பெற்ற அன்று, இனிப் பொழுது எப்படிப் போகும் என்று கேட்டார்கள். “வாத்து வளர்க்கப் போறேன். முட்டையிலருந்தே ஆரம்பிக்கப் போறேன்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த மாதமே மீன்கடையிலிருந்து ஒரு தெர்மோகோல் பெட்டி வீட்டுக்கு வந்தது.

மகளுக்கு மருந்துக் கிடங்கில் வேலை. அங்கே வெப்பமும் ஈரமும் அளவு தப்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முட்டை அடைகாக்கும்படி பெட்டிக்குள் பல்பு, சின்ன மின்விசிறி, வெப்பம் ஏறினால் தானே அணையும் கருவி, ஈரப்பதம் காட்டும் மீட்டர் எல்லாம் அவள் பொருத்திக் கொடுத்தாள். அடியில் தண்ணீர்த் தட்டு. மூடியில் ஒரு போட்டோ சட்டத்தின் கண்ணாடி. சட்டத்தில் இருந்தது அவளுடைய பட்டமளிப்புப் படம். “நீதான் நேர்லயே இருக்கியே” என்று சொல்லி அம்மா அதைக் கழற்றியிருந்தாள்.

முதல் தடவை ஒன்றுகூடத் தேறவில்லை. ஓட்டில் கீறல் விழுந்ததும் அம்மா ஆசை தாளாமல் மூடியைத் திறந்து திறந்து பார்த்தாள். ஈரம் வெளியேறியது. உள்சவ்வு காய்ந்து குஞ்சுகளின் மேல் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். வைக்கும்போதே ஒவ்வொரு முட்டையையும் எடை போட்டு ஓட்டின் மேல் பென்சிலால் எழுதினாள். முட்டை நாளுக்கு நாள் கொஞ்சம் ஈரம் இழந்து எடை குறைய வேண்டும். குறைவது குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. ஆயுள் முழுக்க எடை போட்டவளுக்கு இது அல்வா சாப்பிடுவது மாதிரி. இரண்டாம் தடவையிலிருந்து தபால் நிலையத்தில் பாதிப் பேர் வீட்டில் அவள் கொடுத்த வாத்துகள் நடந்தன.

இந்த முறை ஒரு டஜன் முட்டை வைத்தாள். அந்த வாரமே நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் அப்பாவிடம், “தண்ணி வத்தாம பாத்துக்கோங்க” என்றாள். அதன் பிறகு அவள் பேசவில்லை.

அப்பா கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். யாருக்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. கடைக்காரர் சிவப்பு கேட்டால் சிவப்பில் எழுதுவார். கடைக்காரரின் மனைவி வந்து பச்சை கேட்டால் அழித்துப் பச்சையில் எழுதுவார். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அவர் அந்த ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார். “தண்ணி வத்தாம பாத்துக்கோங்கன்னா. வேற எதுவும் சொல்லல.”

மரணச் சான்றிதழ், பென்ஷன், வங்கி என்று மகளின் நாட்கள் வரிசைகளில் கழிந்தன. எல்லாம் ஒருவாறு முடிந்து பெட்டியின் முன் வந்து நின்றபோது கண்ணாடியில் நீர்த்துளிகள் ஓடிக்கொண்டிருந்தன. மீட்டர் எண்பத்தொன்று காட்டியது. ஐம்பத்தைந்தில் இருக்க வேண்டியது.

“யாரு இதுல தண்ணி ஊத்துனது?”

“நான்தான்” என்றாள் சித்தி. “காலையில ஒரு டம்ளர். அக்கா சொன்னதாச்சேன்னு. பத்தாம போயிடப் போவுதுன்னு ஓரத்துல ஒரு கிண்ணமும் வெச்சேன்.”

“நானும் கொஞ்சம் ஊத்துனேம்மா” என்றார் பெரியப்பா. “பல் தேய்க்கப் போறப்ப. அப்புறம், பக்கவாட்டுல ரெண்டு ஓட்டை இருந்துச்சு. காத்துப் போகுதேன்னு துணி வெச்சு அடைச்சேன்.”

“அது காத்துப் போறதுக்குத்தான் பெரியப்பா போட்டது.”

“அப்படியா? நான் எலி கடிச்சதுன்னு நெனச்சேன்.”

எதிர்வீட்டு டீச்சர் தினமும் சாயங்காலம் வந்து ஊற்றியிருந்தாள். அவள் கணவருக்கு அவள் மேல் நம்பிக்கை இல்லை. அதனால் அவரும் வந்து ஊற்றியிருந்தார்.

“இது மெஷினா, நீச்சல் குளமா?” என்றாள் மகள். எல்லோரும் நல்லது செய்த முகத்தோடு நின்றார்கள்.

அவள் தட்டை எடுக்கக் குனிந்தாள். அப்பா குறுக்கே கை வைத்தார்.

“அவ கடைசியா எங்கிட்ட சொன்னது இது ஒண்ணுதான்.”

“தெரியும்ப்பா.”

“அதைக் கொட்டச் சொல்ற.”

“வத்தக் கூடாதுன்னுதான் அம்மா சொன்னாங்க. வழியணும்னு சொல்லலை.” அவள் அம்மாவின் சின்னத் தராசை எடுத்து மேசை மேல் வைத்தாள். “எடை போடலாம். நீங்களே படிங்க.”

அப்பா ஒரு முட்டையை எடுத்து, பென்சில் எழுத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். “எண்பத்திரெண்டு.” தராசில் வைத்தார். “எழுபத்தொம்போது.”

“இந்நேரம் எழுபத்தஞ்சுக்குப் பக்கம் வந்திருக்கணும்.”

அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும். மகள் முட்டையின் அகன்ற முனையில் டார்ச் வைத்துக் காட்டினாள். உள்ளே நிழல் ஒன்று அசைந்தது. முனையில் இருந்த வெளிச்ச வளையம் மிகச் சிறியதாக இருந்தது.

“அந்த வெளிச்சமா இருக்கறது காத்து. ஓட்டை உடைக்கறதுக்கு முந்தி குஞ்சு முதல் மூச்சை அதுலதான் விடும். ஈரம் வெளிய போனாத்தான் அந்த இடம் பெருசாகும். இப்படியே விட்டா மூச்சு முட்டிப் போயிடும்.”

அப்பா நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவ இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பா?”

“எடை போட்டிருப்பாங்க. தண்ணியைக் கொட்டியிருப்பாங்க.”

“கொட்டிட்டு, இவருதான் அதிகமா ஊத்திட்டாருன்னு ஊரெல்லாம் சொல்லியிருப்பா.”

மீதி முட்டைகளையும் அவரே எடை போட்டார். பிறகு தட்டையும் சித்தியின் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். தண்ணீர் விழும் சத்தம் சீக்கிரமே நின்றுவிட்டது. அவர் வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆனது.

ஓட்டைகளில் இருந்த துணியை மகள் பிடுங்கினாள். மீட்டர் மெல்ல இறங்கி முப்பத்தைந்துக்கு வந்தது. வெளியேறாமல் தங்கிவிட்ட ஈரத்தை மீதமுள்ள நாட்களில் வெளியேற்ற வேண்டும். முழுதாக முடியாது. முக்கால்வாசி முடியும் என்று அவள் கணக்குப் போட்டாள்.

கணக்கு உறவினர்களுக்குப் புரியவில்லை. “பச்சைப் புள்ளைங்கள தாகத்துல போட்டுட்டீங்களே” என்று சித்தி டம்ளரும் கையுமாகச் சுற்றினாள். மகள் வேலைக்குப் போயாக வேண்டும். அவள் கிளம்பும்போது அப்பா தகரத் துண்டு ஒன்றுக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தார். மாலையில் வந்து பார்த்தால், ‘தண்ணீர் ஊற்றாதீர்’ என்று சிவப்பு எழுத்தில், நிழல் கொடுத்து, நகைக்கடைப் பலகை மாதிரி ஒன்று பெட்டியின் மேல் நின்றது.

“வீட்டுக்குள்ள போர்டா அத்தான்?” என்றாள் சித்தி.

“வாயால சொன்னா யாரு கேக்கறா?” என்றார் அப்பா.

தினமும் முட்டைகளை அவர்தான் புரட்டித் திருப்பி வைத்தார், எடையும் பார்த்தார். எண்கள் இறங்கின. டார்ச் வெளிச்சத்தில் அந்த வளையமும் அகன்றது. பொரிக்கும் நேரம் நெருங்கியதும் மகள் சொன்னாள், “இப்ப தண்ணி ஊத்துங்க. தட்டு நெறைய. வெளிய வர்றப்ப சவ்வு காயக் கூடாது.”

அவர் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். ஊற்றினார். மீட்டர் எழுபதைத் தாண்டியது. இனி முட்டையைத் திருப்பக் கூடாது, மூடியைத் திறக்கக் கூடாது. பலகையில் எழுத்து மாறியது: ‘திறக்காதீர்’.

ஞாயிறு காலை முதல் கீறல் விழுந்தது. மதியம் வரை அது கீறலாகவே இருந்தது. உள்ளிருந்து சத்தம் மட்டும் கேட்டது. சித்தி கண்ணாடியில் மூக்கை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“மாட்டிக்கிச்சு அத்தான். ஓட்டைக் கொஞ்சம் கிள்ளி விட்டா வந்துடும். ஒரு நிமிஷந்தான்.”

மகளுக்கும் கை துறுதுறுத்தது. எடை முழுதாகச் சரியாகவில்லை என்பது அவளுக்குத்தான் தெரியும். அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள்.

அப்பா நாற்காலியை இழுத்துப் பெட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

“மாட்டேன்” என்றார். “யாரு கேட்டாலும் மாட்டேன்.”

சித்தி மகளைப் பார்த்தாள். மகள் அடுப்படிக்குப் போய் மூவருக்கும் டீ போட்டாள்.

மாலைக்குள் அது தானே வெளியே வந்து விழுந்தது. மறுநாள் விடிவதற்குள் எட்டு ஆயிற்று. நான்கு முட்டைகளில் அசைவில்லை. மகள் டார்ச் வைத்துப் பார்த்து, இல்லை என்று தலையசைத்தாள். அப்பா தனியாக எடுத்து வைத்தார்.

பிறகு தபால் நிலையத்துக்குப் போன் போட்டார்.

“தராசு வீட்டுக்காரர் பேசறேன். ரெண்டு கேட்டிருந்தீங்களாமே, வந்திருக்கு. இல்லல்ல, இன்னிக்கு வராதீங்க. குஞ்சுங்க உடம்பு காயணும். நாளைக்கு வாங்க. வந்தாலும் மூடியை நான்தான் தொறப்பேன்.”