துடக்கில்லாத சனிக்கிழமை

யுத்தம் முடிந்துவிட்டதென்று தொலைக்காட்சி சொன்ன அந்தக் கிழமையில்தான் எங்கள் தொழிற்சாலை வைன் ருசி பார்க்கும் சுற்றுலாவை வைத்திருந்தது. டென்மார்க்கில் திராட்சை காய்க்கும் என்பதே எனக்குப் புதினம். போவதா விடுவதா என்று எனக்குத் தலை வெடித்தது. வன்னிக்குள் இருந்த தம்பியைப் பற்றி மாசி மாதத்துக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

அவன் செத்துவிட்டான் என்றால் எனக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. ஒரு மாதத்துக்கு மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடக்கூடாது, கொண்டாட்டம் எதற்கும் போகக்கூடாது. அவன் இருக்கிறான் என்றால் துடக்கில்லை. எது என்று தெரியாதவன் எதைக் கடைப்பிடிப்பது? கோழிக்குழம்பைப் பார்த்தால் கோபம் வந்தது. வெறும் பருப்பையும் சோற்றையும் பார்த்தால் அதைவிடக் கோபம் வந்தது.

என் மனைவிதான் புதன்கிழமை ஒரு முடிவு சொன்னாள்.

“இஞ்சருங்கோ, செய்தி வராமல் நாங்களாத் துடக்குக் காக்கிறது, அவனை நாங்களே சாகக் குடுக்கிற மாதிரி. அவன் இருக்கிறான். போய் எல்லாரோடையும் சாப்பிட்டுக் குடிச்சிட்டு வாங்கோ.”

சனிக்கிழமை காலை சட்டையையும் அவளே மினுக்கித் தந்தாள். வாசலில் “போட்டு வாங்கோ” என்றவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்பில் ஏதோ இருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு சில்க்போர்க்கில் பஸ் ஏறினேன்.

முதல் தோட்டம் வைலே நகருக்குப் போகும் வழியில், ஒரு சரிவில் இருந்தது. கம்பிகளில் கொடிகள் அப்போதுதான் துளிர்த்திருந்தன. சப்பாத்தெல்லாம் சேறாக வந்த முதலாளி, கிளாஸில் ஒரு மிடறு ஊற்றி, சுழற்று, மணம் பார், வாயில் வைத்திரு, பிறகு இந்த வாளிக்குள் துப்பு என்றார். வருடம் முழுக்கப் பாடுபட்டுச் செய்ததைத் துப்பச் சொல்கிற மனிதரை அன்றுதான் பார்த்தேன். நான் விழுங்கினேன். மற்றவர்கள் ஆப்பிள் மணக்கிறது, பூ மணக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்கள். என் முறை வந்தபோது “புளிக்கிறது” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, சிரிக்கலாமா என்று யோசித்தேன்.

அப்போதுதான் என்னோடு பொதி கட்டும் டெனிஷ்காரன் கிளாஸை உயர்த்தினான்.

“தில்லுக்கெ! உங்கள் நாட்டில் யுத்தம் முடிந்துவிட்டதாமே!”

பிள்ளை பிறந்தாலும் வீடு வாங்கினாலும் அவர்கள் வாழ்த்துகிற சொல் அது. கிளாஸை உயர்த்தி ஸ்கோல் சொல்லும்போது ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்க வேண்டும் என்பதும் அவர்களுடைய பழக்கம். பார்த்தேன். அந்தக் கண்ணில் எனக்கான சந்தோசத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். திட்டவும் முடியாமல், விளங்கப்படுத்தவும் முடியாமல் “தக்” என்று நன்றி சொல்லிக் குடித்தேன். எதற்காகக் குடித்தேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது.

இரண்டாவது தோட்டத்தில் மத்தியானச் சாப்பாடு. வெளியே நீள மேசை போட்டிருந்தார்கள். ஆட்டிறைச்சி வாட்டும் வாசம் வந்தது. இன்றைக்கு இறைச்சி தின்னத்தான் போகிறேன் என்று முடிவெடுத்தேன். நான் தின்றால் தம்பி இருக்கிறான். விசர்க் கணக்குத்தான், ஆனால் ஒரு கிழமையாக என் கையில் வேறு கணக்கு இருக்கவில்லை.

எல்லோருக்கும் இறைச்சி வந்தது. எனக்கு வந்தது அவித்த உருளைக்கிழங்கும் அஸ்பரகஸும்.

“இது என்னுடையது இல்லை” என்று பரிமாறிய பெண்ணிடம் சீறினேன்.

எதிரே இருந்த எங்கள் மேற்பார்வையாளர் அம்மா கையை அசைத்தார். “இல்லை, உனக்குத்தான். நேற்று உன் மனைவி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். இனி ஒரு மாதத்துக்கு நீ இறைச்சி சாப்பிடமாட்டாய் என்று சொன்னாளே!”

ஒரு மாதம். எழுந்து கொடிகளுக்கிடையில் நடந்துபோய் கைத்தொலைபேசியில் வீட்டுக்கு எடுத்தேன்.

“தம்பியோ?”

அவள் அழத் தொடங்கினாள். “நேற்று அவன்ர மனுசி அகதிக் காம்பிலையிருந்து எடுத்தவள். ஷெல் பட்டதாம். உங்களுக்கு இண்டைக்கு ஒரு நாளெண்டாலும் நிம்மதியாப் போகட்டும் எண்டுதான் நான்...”

“அப்ப ஏன் மரக்கறி சொன்னனீர்?”

“தெரிஞ்சுகொண்டு உங்களை மச்சம் தின்ன விட ஏலுமே, அப்பா?”

மேசையில் மறுபடியும் ஸ்கோல் சொன்னார்கள். நான் திரும்பி வந்து, கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த மரக்கறியை மிச்சம் விடாமல் சாப்பிட்டேன். தம்பிக்கு நான் செய்த முதல் காரியம் அதுதான்.