பல் செட்டும் பறிபோன பூஜ்யமும்

பல் டாக்டரிடம் வேலைக்கு வருவதற்கு முன், அவள் பதினோரு வருடம் தொலைபேசி நிலையத்தில் வெளிநாட்டு அழைப்புகளை இணைத்துக் கொடுத்தவள். எந்த நாட்டுக்கு என்ன குறியீட்டு எண் என்பது அவளுக்குச் சொந்தக்காரர்களின் பிறந்தநாளைவிட நன்றாகத் தெரியும். ஆளாளுக்குக் கையில் ஃபோன் வந்ததும் நிலையத்தை மூடிவிட்டார்கள். ஆனாலும் கிளினிக்கில் எல்லோருக்கும் அவள் எக்ஸ்சேஞ்ச் அக்காதான்.

கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில் இருப்பவர்கள். விடுமுறைக்கு வரும்போது பல் செட்டுக்கு அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். தயாரானதும் அக்கா அழைத்துச் சொல்வாள். யாரையாவது அனுப்பி வாங்கிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் பார்சலில் போகும். பெயரையும் முகவரியையும் எண்ணையும் நோயாளிகளே நோட்டில் எழுத வேண்டும் என்பது டாக்டரின் ஏற்பாடு. "அவங்க நம்பர் அவங்களுக்குத் தெரியாதா?" என்பார். தெரியும்தான். ஒருவர் முன்னால் ஒரு பூஜ்யம் போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார். ஒருவர் அடைப்புக்குறிக்குள் 'சாயங்காலம் மட்டும்' என்று எழுதுவார். அக்கா முகவரியை ஒரு பார்வை பார்த்து, சரியாகத் திருத்தி அழைத்துவிடுவாள்.

அந்த வருடம் பல் செட் செய்யும் ஆய்வகத்தில் இயந்திரம் பழுதாகி, சரியான பிறகு நூற்றெண்பத்தாறு செட்டுகள் ஒரே மூச்சில் வந்து சேர்ந்தன. அலமாரியைத் திறந்தால் டப்பா டப்பாவாகப் பல் இளித்தது. ஒவ்வொருவராக எப்படி அழைப்பது? டாக்டரின் மச்சினர் முன்வந்தார். எள் என்றால் எண்ணெயாக நிற்பவர். என்ன, கேட்டது எள் மட்டும்தான் என்பதை மறந்துவிடுவார்.

"கம்ப்யூட்டர்ல ஏத்தி ஒரே தட்டு அத்தான். நூத்தி எண்பத்தாறு பேருக்கும் ஒரே நேரத்துல மெசேஜ் போயிடும்."

அவர் நோட்டை எடுத்த நாளில் அக்காவின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். வாய் நிறையப் பஞ்சு, கன்னம் பன் மாதிரி. வலியோடு வீட்டில் படுத்திருப்பதைவிட வலியோடு மேசையில் உட்கார்ந்திருப்பது மேல் என்று வந்திருந்தாள்.

மச்சினர் எண்களை ஏற்ற ஏற்ற, எண்ணின் தலையில் நிற்கும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று கணினி தானாகவே முடிவு செய்து விழுங்கிக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்த ஊருக்குள் கூப்பிடுவதுபோல எழுதிவைத்த எண்கள், பூஜ்யம் போனதும் நம் ஊர் எண்கள் போலவே நின்றன. மச்சினருக்கு மகிழ்ச்சி. எல்லாவற்றின் முன்னாலும் நம் நாட்டுக் குறியீட்டை ஒட்டவைத்தார். ஏற்கெனவே அந்நிய நாட்டுக் குறியீடு இருந்த எண்களுக்கும் விடவில்லை. அவற்றுக்கு இரண்டு தலை முளைத்தது.

அக்கா திரையைப் பார்த்துவிட்டாள். "ம்ம், ம்ம்" என்று மேசையைத் தட்டினாள். ஊமை கண்ட கனவுதான். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில், 'பூஜ்யம் போச்சு. நாடு மாறும்' என்று எழுதி நீட்டினாள்.

மச்சினர் வாசித்துவிட்டு உள்ளே திரும்பினார். "அத்தான், அக்கா அரசியல் எழுதியிருக்காங்க."

"வலி மாத்திரை கொஞ்சம் தூக்கலாப் போச்சோ என்னவோ" என்றார் உள்ளேயிருந்து டாக்டர்.

ஒரே தட்டு. 'உங்கள் பல் செட் தயார். உடனே வந்து பெற்றுக்கொள்ளவும்.' போய்விட்டது.

மறுநாள் காலையில் முதலில் வந்தவர் ஒரு லாரி டிரைவர். வாய் நிறைய முப்பத்திரண்டும் இருந்தன. "எனக்குப் பல்லெல்லாம் இருக்குங்க. ஆனா ரெடின்னு சொன்னீங்க. எதுக்கும் பாத்துட்டுப் போலாமேன்னு வந்தேன்" என்றார்.

அவர் போவதற்குள் ஒரு தம்பதி. மனைவி முன்னால் வந்தாள், கணவர் கதவோரமாகவே நின்றார்.

"பதினெட்டு வருஷமா இந்தச் சிரிப்பைப் பாத்துத்தான் இவரோட இருக்கேன். இது கட்டின பல்லா? உண்மையைச் சொல்லுங்க டாக்டர்."

"இவ நம்ப மாட்டேங்கிறா சார். நைட்டெல்லாம் இழுத்து இழுத்துப் பாத்தா."

டாக்டர் அவரை நாற்காலியில் படுக்கவைத்து, ஒவ்வொரு பல்லையும் ஆட்டிப் பார்த்து, இருபத்தொன்பதும் சொந்தப் பல்தான் என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தம்மாள் அதை இரண்டு முறை படித்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். "மீதி மூணு எங்க?" என்று கேட்டுக்கொண்டே படியிறங்கியது கேட்டது.

மூன்றாம் நாள் வரை இப்படி ஒன்பது பேர் வந்தார்கள். உரியவர்களில் வந்தது உள்ளூர்க்காரர்கள் மட்டும்தான். மச்சினர் அசரவில்லை. "அந்த லாரிக்காரருக்குச் சொத்தைப் பல் இருந்துச்சுல்ல? புது பேஷண்ட் அத்தான். இதுவும் ஒரு விளம்பரம்தான்."

அன்றுதான் அக்காவுக்குக் கன்னத்து வீக்கம் வடிந்து வாய் திறக்க வந்தது. மூன்று நாள் பேச்சு தொண்டையில் தேங்கி நின்றது.

"தம்பி, வீட்டுக்குள்ள இருந்து பக்கத்து ரூம்ல இருக்கறவனைக் கூப்பிடறதுக்குத்தான் அந்தப் பூஜ்யம். வெளியில இருந்து கூப்பிட்டா அது வேண்டாம். ஆனா அதுக்குப் பதிலா எந்த வீடுன்னு சொல்லணும். நீங்க எல்லாரையும் நம்ம வீட்டு ஆளுன்னு முடிவு பண்ணிட்டீங்க. பிளஸ், அந்த நாட்டு நம்பர், அப்புறம் அவங்க நம்பர். நடுவுல இடைவெளி கூடாது, அடைப்பு கூடாது. இதைத்தான் எழுதிக் குடுத்தேன்."

"நாடு மாறும்னு எழுதினீங்க."

"மாறிச்சா இல்லையா?"

டாக்டர் வேகமாக உள்ளே போய்க் கை கழுவினார்.

நோட்டை வாங்கிக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தாள். கணினி பூஜ்யத்தை விழுங்காதபடி, அந்தக் கட்டங்களில் இருப்பவை எண் அல்ல, எழுத்து என்று முதலில் அதை நம்பவைத்தாள். ஒவ்வொரு முகவரியாகப் பார்த்துக் குறியீடு போட்டாள். ஒரு நாட்டில் மட்டும் வீட்டு ஃபோன் எண்ணின் பூஜ்யத்தை வெளியிலிருந்து அழைத்தாலும் எடுக்கக் கூடாது. அதையும் மறக்காமல் விட்டுவைத்தாள். பூட்டு ரிப்பேர் செய்யும் அவள் கணவர், வீட்டில் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சாவியிலயும் அப்படித்தான். ஒரு பல் தப்பினா பக்கத்து வீடுகூடத் திறக்காது."

முன்பே வாங்கிப்போன உள்ளூர்க்காரர்களையும் சேர்த்தால், இப்போது நூற்றெழுபது பேருக்குச் செய்தி சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. பெட்டி பெட்டியாகப் பல் கடல் தாண்டியது. பார்சல் ஒட்டும் வேலையை மச்சினர் மனமுவந்து ஏற்றுக்கொண்டார். அதில் அவர் கெட்டிக்காரர்.

மீதிப் பதினாறு பேரின் எண்கள் மாறிப்போயிருந்தன. அக்கா தினம் ஒருவராக, சொந்தக்காரர்களிடம் விசாரித்துத் தேடிப் பிடித்தாள். கடைசி ஆள் கிடைத்தபோது அவர் எதையோ மென்றுகொண்டே பேசினார்.

"அந்தப் பல்லா? இல்லாமலே பழகிடுச்சும்மா. முறுக்குகூட ஈறாலயே உடைக்கிறேன்."

"அப்ப அனுப்ப வேண்டாங்களா?"

அவர் வாயில் இருந்ததை விழுங்கினார்.

"அனுப்புங்க, அனுப்புங்க. ஃபோட்டோவுக்கு ஆகும்."