பியதாச உடைத்த கால்

இங்கே ஒருவன் மற்றவனின் காலை உதைத்து விழுத்திவிட்டு, உடனே குனிந்து கை கொடுத்துத் தூக்கிவிடுகிறான். நான் புல் வெட்டிப் பராமரிக்கும் மைதானத்தில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இது நடக்கும். விழுந்தவன் அந்தக் கையைப் பிடித்து எழும்பி, சேற்றைத் தட்டிவிட்டு ஓடுவான். ஆட்டம் முடிந்ததும் இருவரும் ஒரே குளியலறையில் நின்று பாட்டுப் பாடிக் குளிப்பார்கள். ஜேர்மனிக்கு வந்த முதல் வருடம், இப்படி ஒருவன் கை நீட்டியதைக் கண்டு, குத்து விழப்போகிறது என்று நினைத்து நான் நொண்டிக்கொண்டே உள்ளே ஓடி இருவருக்கும் நடுவில் நின்றுவிட்டேன். இருவரும் என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள். மத்தியஸ்தர் என் தோளைப் பிடித்து, வழி தவறி வந்த மாட்டை ஓட்டுவது போல மெதுவாக வெளியே கொண்டுவந்து விட்டார்.

திருகோணமலையில் மைதானத்துக்குள் ஒருவன் கை நீட்டினால் அது அடிக்கத்தான். கடற்கரையோர மைதானத்தில் ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் சனம். நான் றைற் விங். கோட்டின் ஓரமாகவே ஓடுகிறவன். பந்தோடு போகும்போது கோட்டோரம் நிற்கும் எதிரணிச் சனத்தின் மூச்சு என் முகத்தில் படும். குடைப்பிடியால் காலைக் கொளுவி இழுப்பார்கள், துப்புவார்கள், மணலை அள்ளிக் கண்ணுக்குள் எறிவார்கள். வெள்ளைக்காரக் கடற்படை இருந்த காலத்தில் அவர்களின் சிப்பாய்கள் பூட்ஸோடும் எங்கள் ஆட்கள் வெறுங்காலோடும் ஆடியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவர்கள் போன பிறகு பூட்ஸ் எங்களுக்கும் வந்தது. அதன் அடியிலிருந்த ஆணிகளும் வந்தன. பிறகு துறைமுகத்துச் சரக்குக் கம்பனி ஒன்று என்னை வேலைக்கு எடுத்தது. பெயருக்குத் தேயிலைப் பெட்டிகளைச் சரிபார்க்கும் உத்தியோகம், உண்மையில் உதைபந்தாட்டம். உப்புவெளியிலிருந்து சைக்கிளில் வந்து காலையில் ஓடுவேன், பின்னேரம் பந்தடிப்பேன், மாத முடிவில் சம்பளம் எடுப்பேன். கால் போனால் வேலையும் போகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் கால்களைக் குறிவைத்தவர்களுக்கும் அது தெரியும்.

எதிர்க் கம்பனியின் லெப்ற் பாக் பியதாச. என்னை மறித்து ஆடுவதுதான் அவனுடைய வேலை. மீன்பிடிக்க வந்து தங்கிவிட்ட சிங்களக் குடும்பத்தில், எங்கள் ஊரிலேயே பிறந்தவன். என்னைப் போலவே தமிழ் கதைப்பான், தூஷண வார்த்தைகளில் என்னைவிடத் திறமை. ஆட்டம் தொடங்க முன்னர் பக்கத்தில் வந்து நிற்பான்.

"டேய் சூசை, இண்டைக்கு வீட்டை நடந்து போற எண்ணமோ?"

"சைக்கிளிலதான் வந்தனான்."

"நல்லது. நடக்கத் தேவையிராது."

சொன்னபடி செய்கிறவன். கொழும்பில் தேசிய அணித் தெரிவுக்கு என்னை அழைத்திருந்த வாரம், பந்து வேறெங்கோ போனபிறகு ஓடிவந்து தோளால் இடித்து என்னைக் கோல் கம்பத்தில் மோதவிட்டான். தோள்பட்டை எலும்பு முறிந்தது. கொழும்பு போகவில்லை, பிறகு அவர்கள் அழைக்கவுமில்லை. அடுத்து வந்த ஆட்டமொன்றில் கோணர் உதைக்கு இருவரும் எழும்பியபோது, என் முழங்கையால் அவனுடைய முன்பற்களை எடுத்தேன். அவன் இரத்தத்தைத் துப்பிவிட்டு, வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டிச் சிரித்தான். வருடக்கணக்காக இப்படித்தான். மைதானத்துக்கு வெளியே நாங்கள் கதைத்ததில்லை. ஆனால் அவன் எந்தப் பக்கம் திரும்பும்போது மூச்சை அடக்குவான் என்பது எனக்குத் தெரியும். என் உடம்பைப் பற்றியும் அவனுக்கு அப்படித் தெரிந்திருக்கும்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குச் சற்று முன்னர் எங்கள் அணிக்கு வெருகலிலிருந்து ஒரு கோல் காப்பாளன் வந்தான். யோகராசா என்று பெயர். நெடுநெடுவென்று வளர்ந்தவன், கதை குறைவு. முருகனுக்கு நேர்த்தி வைத்துத்தான் இந்த வேலை கிடைத்ததென்று நெற்றியில் திருநீறு இல்லாமல் வெளிக்கிட மாட்டான். அவன் எங்களுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

கலவரம் தொடங்கிய அன்று பின்னேரம், பட்டணத்தில் கடைகள் எரிகின்றன, பஸ் ஓடாது என்று கம்பனிக் காவலாளி சொன்னார். யோகராசாவைச் சைக்கிளின் முன்னால் ஏற்றிக்கொண்டு உப்புவெளிக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். துறைமுக வாசலைத் தாண்டி வளைவில் திரும்பியதும் வீதி நிறைய ஆட்கள். இரும்புக் குழாய், கத்தி, சைக்கிள் சங்கிலி. எங்களைத் தள்ளி விழுத்தினார்கள். ஒருவன் யோகராசாவின் நெற்றியைத் தடவி, விரலில் ஒட்டிய திருநீற்றை மற்றவர்களுக்கு உயர்த்திக் காட்டினான். பிறகு நடந்தது அதிக நேரம் எடுக்கவில்லை. யோகராசா இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் விரித்துப் பிடித்தான். பந்தைப் பிடித்துப் பழகிய கைகள் அப்படித்தான் எழும்பும். கத்தி அந்த விரல்களுக்கூடாக வந்தது. "அண்ணை" என்று ஒரு தரம்தான் கூப்பிட்டான். நான் எழும்பப் பார்த்தேன். என் தலைமயிரைப் பிடித்து வீதியோடு அமத்தியவனின் முழங்கால் என் முதுகில் இருந்தது.

அடுத்தது நான். கத்தி ஓங்கிய நேரம், "விடு, விடு" என்று சிங்களத்தில் ஒரு குரல் கேட்டது. பியதாச ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். அவன் கையிலும் ஒரு குழாய். இவன் என்னுடையவன், என் பல்லை எடுத்தவன், இவனை நான்தான் பார்க்கவேண்டும் என்று சிங்களத்தில் கத்தினான். வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டினான். என்னை விங் என்று அடையாளம் கண்ட யாரோ ஒருவன் சிரித்தான். கத்திக்காரன் விலகினான். பியதாச என் வலக் காலைத் தன் காலால் நீட்டி வைத்தான். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி தமிழில் சொன்னான்:

"அசையாத."

முதல் அடியில் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. இரண்டாவது அடி அதே இடத்தில் விழுந்தது. என் அலறல் அடங்க முன்னர் அவன் குழாயை எறிந்துவிட்டு, முடிந்தது, இனி இவன் பிணம்தான், வாருங்கள் என்று மற்றவர்களைத் தள்ளிக்கொண்டு போனான். பின்தங்கி நின்ற கத்திக்காரனையும் சேட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். கிண்ணியாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு முஸ்லிம் வண்டிக்காரர் என்னையும் யோகராசாவின் உடலையும் ஒன்றாகக் கிடத்தி, சாக்குகளால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழி முழுக்க அவனுடைய இரத்தம் என் சேட்டுக்குள் ஊறியது. அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒரு எதிரி இருந்தான், நான் பிழைத்தேன். யோகராசாவை அங்கே ஒருவருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் விறாந்தைவரை காயப்பட்டவர்கள். என் எலும்பு கோணலாகப் பொருந்தியது. கம்பனி அனுதாபம் சொல்லிவிட்டு வேறொரு விங்கை எடுத்தது. ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியபின் ஒரு நாள் காலை, மீன் சந்தையில் பியதாசவைக் கண்டேன். அவன் ஒளிக்கவில்லை. நேரே வந்தான்.

"கால் எப்பிடி?"

"ஏன் அடிச்சனி?"

"அவங்கள் உன்னைக் கொல்லப் போனவங்கள்."

"அதுக்காகவோ அடிச்சனி? இல்லாட்டிப் பல்லுக்காகவோ?"

அவன் குனிந்து என் காலைப் பார்த்தான்.

"பொய் சொல்ல ஏலாது மச்சான். முதல் அடி உன்னைக் காப்பாத்தத்தான். ரெண்டாவது... அது எனக்குத் தெரியேல்ல."

அந்தப் பதிலை நான் தாங்கிக்கொண்டிருப்பேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதோடு விட முடியவில்லை.

"யோகராசாவையும் காப்பாத்தியிருக்கலாமே?"

"அது ஆர்?" என்று கேட்டான்.

ஊன்றுகோலைத் தூக்கி அவன் முகத்தில் அடித்தேன். மூக்கு நொறுங்கியது. ஒற்றைக் காலில் நின்றவன் நான், அவனோடு சேர்ந்து விழுந்தேன். மீன் கழுவிய தண்ணீருக்குள்ளும் செதிலுக்குள்ளும் கிடந்து, யோகராசா, யோகராசா என்று பெயரைச் சொல்லிச் சொல்லிக் குத்தினேன். அவன் ஒரு கையைக்கூடத் தூக்கவில்லை. சந்தைக்காரர்கள் என்னை இழுத்தெடுத்தபோது என் விரல் மொளிகள் கிழிந்திருந்தன. அதற்குப் பிறகு நான் பியதாசவைக் காணவில்லை.

ஜேர்மனிக்கு வந்து இந்தக் கழகத்தில் வேலை கேட்டபோது, முன்னர் தொழிலாகப் பந்து விளையாடியவன் என்று சொன்னேன். தலைவர் என் காலைக் காட்டி, "பவுல்?" என்று கேட்டார். முறைகேடாக உதைத்தானா என்று அர்த்தம். மிச்சத்தைச் சொல்ல எனக்குப் பாஷை இல்லை. ஓம் என்று தலையாட்டினேன். "றோட்ட கார்ட்ட?" என்றார். உடைத்தவனுக்குச் சிவப்பு அட்டை காட்டினார்களா? இல்லை என்றேன். "இல்லையா!" என்று மேசையில் அடித்தார். அந்த மத்தியஸ்தர் மீது அவருக்கு வந்த கோபம் மெய்யானது. அன்றே வேலை தந்தார்.

பிறகு ஒரு நாள், கழகத்தின் பழைய தடுப்பாட்டக்காரர் ஹோர்ஸ்ட் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நரைத்த, பெரிய மனிதர். என் காலில் கை வைத்து, "எஸ் டூட் மியர் லைட்" என்றார். வைத்தியர் நோகிறதா என்று கேட்கும்போது "டூட்" என்றொரு சொல் வரும். அதை வைத்து, இவருக்கு எங்கோ நோகிறதாக்கும் என்று நினைத்து, "வோ?" என்று கேட்டேன். எங்கே? அவர் திகைத்தார், சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அது மன்னிப்புக் கேட்கும் வாசகம் என்று பின்னர்தான் அறிந்தேன். இளவயதில் அவரும் ஒரு விங்கின் காலை உடைத்திருக்கிறார். பியதாச என்னிடம் கேட்காததை, யாரிடமோ கேட்கத் தவறிய ஒருவர் என்னிடம் கேட்டுவிட்டுப் போனார். அதை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் இளைஞர்கள் நிறையப் பேர் இந்த நகரத்துக்கு வந்தார்கள். அவர்களிடம் தமிழில் முழுவதையும் சொன்னேன். ஆனால் பியதாச "அசையாத" என்று சொன்ன இடத்துக்கு வந்ததும் அவர்களுடைய முகம் மாறிவிடும். "அண்ணை, அவன் உங்கட காலை உடைச்சவன். அதை மட்டும் சொல்லுங்கோ" என்றான் ஒருவன். கொழும்பில் அவனுடைய தமையனை உயிரோடு எரித்திருந்தார்கள். அவனோடு வாதாட எனக்கு என்ன உரிமை? கலவரத்தை நினைவுகூரும் கூட்டங்களில் என்னை முன்வரிசையில் இருத்துவார்கள். ஊரிலிருந்து இதை வாசிக்கிற நீங்கள் என்ன சொல்வீர்களோ, அறியேன்.

இந்தக் கோடையில் அந்த இளைஞர்கள் ஒரு அணி சேர்த்து, எங்கள் கழகத்தின் மூத்தவர்களோடு என் மைதானத்தில் ஆடினார்கள். வெக்கை தாங்காமல் நான் அரைக்காற்சட்டையோடு நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு இருந்தேன். இடைவேளையில் என் இடப்பக்கம் ஹோர்ஸ்ட் புதிதாக வந்த ஒருவரிடம் என் காலைக் காட்டி, தன் பூட்ஸைச் சரித்து, கோட்டோரம் ஒரு விங் எப்படி விழுத்தப்படுவான் என்று செய்து காட்டிக்கொண்டிருந்தார். வலப்பக்கம் தமையனைப் பறிகொடுத்தவன், ஊரிலிருந்து வந்திறங்கிய தன் மனைவிக்கு அதே காலைக் காட்டி, குழாயைப் பிடித்தது போல இரண்டு கைகளையும் சேர்த்து ஓங்கிக் காட்டிக்கொண்டிருந்தான். இருவரும் சொல்லி முடித்து என் பக்கம் திரும்பினார்கள். நான் ஹோர்ஸ்டைப் பார்த்து ஒரு தரம், அவனைப் பார்த்து ஒரு தரம் தலையாட்டிவிட்டு, காலைக் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டேன்.