ஆரணி அழுத பெரிய வெள்ளி

கோப்பாயில் தோட்டத்தில் வெங்காயம் வைக்கும் கதிரவேலுவின் மூத்த மகள் ஆரணி. யாழ்ப்பாணத்தில் போன் கடை ஒன்றில் வேலைக்கு நின்றவள், அங்கே போன் திருத்த வந்த குருநகர் மீனவன் ஜெயசுதனை விரும்பிவிட்டாள். சமயமும் வேறு, சாதியும் வேறு. "எனக்கு இனி ஒரு மகள்தான்" என்று கதிரவேலு இளையவளைக் காட்டிச் சொன்னார்.

கலியாணத்துக்காக ஆரணி ஞானஸ்நானம் பெற்றாள். பதிவுக் கந்தோரில் கையெழுத்து வைப்பது போலத்தான் அவளுக்கு அது. பூசையில் எப்போது முழந்தாளிடுவது, எப்போது எழும்புவது என்று தெரியாமல் மாமியார் ஸ்ரெல்லாவைப் பார்த்துப் பார்த்துச் செய்வாள். உதடு செபம் சொல்லும். பயம் வந்தால் மனம் பிள்ளையாரைத்தான் கூப்பிடும்.

கலியாணமாகி ஒரு வருசம் திரும்ப முதல், கார்த்திகைக் கடலில் ஜெயசுதனின் படகு கவிழ்ந்தது. கூடப் போன றோய் ஒரு பிளாஸ்ரிக் கானைக் கட்டிப்பிடித்து மிதந்து கரைசேர்ந்தான். ஊர்ப் படகுகள் எல்லாம் போய்த் தேடின. படகு கிடைத்தது, வலை கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை.

உடல் வராத வீட்டில் செத்தவீடு நடத்த முடியவில்லை. "காணாத பிள்ளைக்கு மரணப்பூசை வைக்க என்னாலை ஏலாது" என்று ஸ்ரெல்லா சொல்லிவிட்டாள். வந்த சனத்துக்கு என்ன சொல்லி அழுவதென்று தெரியவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பிப் போனார்கள். ஆரணிக்கும் அழுகை வரவில்லை.

தை பிறந்த பிறகு கதிரவேலு மோட்டார் சைக்கிளில் வந்தார். படலைக்கு உள்ளே வரவில்லை.

"வா பிள்ளை, வீட்டை போவம். கழுத்திலை கிடக்கிற உந்தச் சிலுவையைக் கழட்டி வைச்சிட்டு வா."

"அவர் வந்தால் ஆர் அப்பா இஞ்சை நிக்கிறது?"

"அவன் வரமாட்டான் பிள்ளை."

அதை அவளுக்கு முகத்துக்கு நேரே சொன்ன முதல் ஆள் அவர்தான். ஆரணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதன்பிறகு அவள் வேதக்கோவில் பக்கமே போகவில்லை. கும்பிட்டு வளர்ந்த தெய்வத்தை விட்டு வந்ததற்குத்தான் இந்தத் தண்டனையோ என்று தனக்குள்ளேயே கிடந்து புழுங்கினாள். இரண்டு பக்கமும் கும்பிட ஆளில்லாமல் போனது.

பெரிய வெள்ளியன்று ஸ்ரெல்லாவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. தனியே நடக்க முடியாது என்பதால்தான் ஆரணி துணைக்குப் போனாள். கோவிலில் ஆணிகளைக் கழற்றி, சிலுவையிலிருந்து ஆண்டவரின் சுரூபத்தை இறக்கினார்கள். தாயின் சுரூபத்துக்கு முன்னால் கொஞ்சநேரம் ஏந்திக்கொண்டு நின்றார்கள். பிறகு, செத்தவரைக் கொண்டுபோகும் பாடை போன்ற ஆசந்தியில் கிடத்தினார்கள். செத்தவீட்டில் போலவே சனம் வரிசையாகப் போய்ப் பாதத்தை முத்தமிட்டது.

ஆரணியின் முறை வந்தது. குனிந்து அந்தக் காலைத் தொட்டாள். மரம்தான், வர்ணம் உரிந்திருந்தது. ஆனாலும் அது ஒரு ஆம்பிளையின் வெறுங்கால். உப்புத் தண்ணியில் வெடித்த ஜெயசுதனின் பாதங்களை அவளால் கடைசியாகத் தொட முடியாமலே போனது. அதை நினைத்ததும் இத்தனை நாள் வராத அழுகை வந்தது. காலைக் கட்டிக்கொண்டு, தலைவிரி கோலமாய், பெயர் சொல்லி ஒப்பாரி வைத்து அழுதாள். யாரும் அவளை இழுத்து விலக்கவில்லை. பின்னால் நின்ற பெண்களிலும் கடலுக்கு ஆளைக் கொடுத்தவர்கள் இருந்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் ஆரணி கேட்டாள்: "மாமி, உங்கடை ஆண்டவர் இப்பிடிச் செத்துக் கிடந்தவர் எண்டு எனக்கு ஏன் ஒருத்தரும் வடிவாச் சொல்லேல்லை?"

"சொன்னது மோனை. உனக்குக் கேக்கேல்லை" என்றாள் ஸ்ரெல்லா.

ஈஸ்டர் முடிந்ததும் ஆரணி பங்குச் சுவாமியாரிடம் போனாள். "கலியாணத்துக்காக எடுத்த சமயம், சுவாமி. இப்ப முதல்லையிருந்து படிக்க வேணும்" என்றாள். மரணப்பூசைக்கும் அவள்தான் கேட்டாள். ஸ்ரெல்லா மறுக்கவில்லை. பூசை நடந்த அன்றைக்குக் கதிரவேலு வரவில்லை. தாய் உதயகலா மட்டும் பஸ் ஏறி வந்து, திருநீறு பூசிய நெற்றியோடு கடைசி வாங்குப் பலகையில் இருந்தாள்.

பூசை முடிய வெளியில் வைத்துக் கேட்டாள்: "உந்தச் சாமி உனக்கு என்னத்தைத் தந்தவர் பிள்ளை?"

"ஒண்டும் தரேல்லை அம்மா. கூட இருக்கிறார்."

உதயகலா மகளின் தலையைத் தடவிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள்.

ஆரணி இப்போதும் குருநகரில்தான் இருக்கிறாள். கடலில் காற்று எழும்பும் நாட்களில் செபத்தில் முதல் வரிக்கு மேல் வராது. அந்த ஒரு வரியையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பாள்.