காக் யாத்தி கண்ணில் படாத ரோஜா

காலையில் எங்கள் வீட்டு கேட்டில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கும். ஒரு நாள் இறால் தோல், ஒரு நாள் முட்டை ஓடு, இன்னொரு நாள் பாட்டிலில் அரிசி கழுவிய தண்ணீர். ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்தால் யாரோ எங்கள் மேல் கோபத்தில் குப்பை மாட்டுகிறார்கள் என்று நினைப்பார்கள். அதெல்லாம் எங்கள் ரோஜாச் செடிக்கு வந்த மருந்து. பக்கத்து வீட்டு காக் யாத்தி கொண்டுவந்து மாட்டுவார். காக் என்றால் மலாயில் அக்கா. மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து மாசாயில் எங்கள் வீட்டு வரிசைக்கு அவர் குடிவந்து எட்டு மாதம்தான் ஆகிறது. வந்த வாரமே என் செடியைப் பூக்காத செடி என்று முடிவு கட்டிவிட்டார்.

உண்மையில் அது பூத்துத் தள்ளுகிற செடி. முதலில் வைத்த மூன்று ரோஜாக்கள் இந்த ஊர் மழையில் இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்து செத்துப்போயின. அதற்குப் பிறகு நர்சரிக்காரச் சீனர், நீயே சாகச் சொன்னாலும் இது சாகாது என்று சொல்லிக் கொடுத்தது இது. புதர் மாதிரி வளரும், வருஷம் முழுக்கக் கொத்துக் கொத்தாய் மொட்டு விடும். ஆனால் விடிவதற்குள் அத்தனையையும் நான் பறித்துவிடுவேன்.

நான் நிலக்கோட்டைப் பக்கம். அங்கே செடியிலேயே பூ விரிந்து வாடினால் அம்மாவுக்குப் பொறுக்காது. "இந்த வீட்ல பொம்பளப்புள்ளையே இல்லையான்னு கேப்பாங்கடி" என்பார். இருபது வருஷத்துக்கு முன்னால் கல்யாணமாகி ஜொகூருக்கு வந்தபோது அந்தப் பழக்கமும் கூடவே வந்தது. காலை ஆறு மணிக்கு, காக் யாத்தி தொழுகையில் இருக்கும் நேரம், நான் கத்தரிக்கோலோடு செடியடியில் நிற்பேன். நேற்றுப் பார்த்த மொட்டை இன்று காணோம் என்றால் அவர் என்ன நினைப்பார்? மொட்டு உதிர்கிற நோய் என்று நினைத்தார். என் தலையில் இருந்த ரோஜாவையும் அவர் கவனித்தார். வீட்டில் செடி இருந்தும் பாவம் கடையில் வாங்கி வைக்கிறாளே என்று அதற்கும் சேர்த்து இரக்கப்பட்டார்.

முதல் நாளே சொல்லியிருக்கலாம். வெட்கம். என் மலாய் மீன்கடையைத் தாண்டாது. அவர் நீளமாக ஏதோ கேட்டார், நான் தலையாட்டி வைத்தேன், மறுநாள் இறால் தோல் வந்துவிட்டது. வாங்கிக்கொண்ட பிறகு எந்த முகத்தோடு சொல்வது? என் வீட்டுக்காரர் இங்கேயே பிறந்தவர், மலாய் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. அவரைச் சொல்லச் சொன்னால், "நீதானே பறிக்கிற, நீயே சொல்லிரு லா. எனக்கு எதுக்கு வம்பு?" என்று போனுக்குள் புகுந்துகொண்டார். இதற்கிடையில் இறால் தோல் தின்ற செடி வேலியைத் தாண்டி வளர்ந்து இரண்டு மடங்கு மொட்டு விட்டது. நானும் இரண்டு மடங்கு பறித்தேன். சாமி படங்களில் முகம் தெரியாத அளவுக்குப் பூ.

போன ஞாயிற்றுக்கிழமை காக் யாத்தி மண்வெட்டியோடு வந்தார். பின்னால் அவர் கணவர், கையில் காகிதப்பூச் செடி வைத்த தொட்டி. நோய் பிடித்ததைப் பிடுங்கிவிட்டு, நிச்சயமாகப் பூக்கிற ஒன்றை எனக்கு நட்டுத் தரப்போகிறார்களாம். என் கையைப் பிடித்து ஆறுதல் வேறு சொன்னார். எனக்குப் பிழைத்த ஒரே ரோஜா அது. அதன் காலடியில் மண்வெட்டியின் முதல் வெட்டு விழுந்தது. வாயைத் திறந்தால் எனக்குத் தெரிந்த மீன் பெயர்கள்தான் வரும் போலிருந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல், தலையில் இருந்த ரோஜாவை எடுத்து ஒரு கிளை நுனியில் செருகினேன். இரண்டு பேரும் சட்டென்று ஒதுங்கித் தலை குனிந்துகொண்டார்கள். செடிக்கு நான் கடைசிப் பூசை செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

வேறு வழியில்லாமல் உள்ளே ஓடினேன். ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் இருந்த டிஃபன் பாக்ஸை எடுத்துவந்து திறந்து காட்டினேன். ஈரத்துணியில் அன்று காலை பறித்த முப்பது மொட்டுகள். ஒன்றை எடுத்து, வெட்டுப்பட்ட ஒரு காம்பின் மேல் வைத்தேன். பொருந்தியது. அடுத்ததும் பொருந்தியது. காக் யாத்தி குனிந்து கிளை கிளையாகப் பார்த்தார். எங்கே பார்த்தாலும் கத்தரி வெட்டு.

"நீயா?" என்றார்.

"நான்தான், காக்."

"அப்போ எட்டு மாசமா நான் உன் தலைக்கா உரம் போட்டேன்?"

அவர் கணவர் தொட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. காக் யாத்தி சிரிக்கவில்லை. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர் சாயங்காலம்தான் வந்தார், தீர்ப்போடு. தெருப்பக்கம் சாய்ந்த கிளைகள் அவர் கண்ணுக்கு. அங்கே கத்தரி போகக்கூடாது. உள்பக்கம் என் தலைக்கு. நான் தலையாட்டினேன். இந்த முறை புரிந்துதான் ஆட்டினேன்.

இப்போது செடி பாதி பச்சை, பாதி ரோஜா. வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் இலைதான் தெரிகிறது. என் செடியின் பூவைப் பார்க்க நான் கேட்டைத் திறந்து தெருவுக்குப் போகவேண்டியிருக்கிறது. முழுசாக விரிந்தால் அது இவ்வளவு பெரிய பூ என்று இத்தனை வருஷம் எனக்கே தெரியாது. நேற்றுத் தூறலில் காக் யாத்தியோடு குடைக்குள் நின்று பார்த்தேன். ஒரு பூ இதழ் இதழாக உதிர்ந்து வாய்க்கால் தண்ணீரில் போனது. "சாந்தேக்" என்றார் அவர். அழகு என்று அர்த்தம். "சாந்தேக்" என்றேன் நானும். என் கை மட்டும் அதுபாட்டுக்குப் பின்னந்தலைக்குப் போய், அங்கே இருந்த ரோஜாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.