மேல் கியர் போடாத மனிதர்

என் வீட்டுக்காரருக்கு லாரி ஸ்டாண்டில் நத்தை என்று பெயர். வைத்தது வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த தம்பிதான். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒருநாள் மலையிறக்கத்தில் இவர் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு அடிவாரம் வரை ஊர்ந்து வந்த எரிச்சலில் வைத்த பெயர். அது ஸ்டாண்டு முழுக்கப் பரவிவிட்டது. இவர் கோபப்படக்கூட இல்லை. "நத்தை கவுந்து யாராச்சும் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டில் அப்பா, சித்தப்பா, தம்பி என்று எல்லோருமே டிரைவர்கள், எல்லோருக்கும் காலில் சக்கரம். அந்த வீட்டிலிருந்து வந்து இப்படி ஒருவருக்கு வாக்கப்பட்டால் நாலு பேர் சிரிக்கத்தானே செய்வார்கள்?

லாரிக்கு வருவதற்கு முன் அவர் ஒரு பட்டறையில் பிரேக் லைனிங் மாற்றுகிற வேலையில் இருந்தார். சக்கரத்தோடு சுழலும் இரும்பு டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்துகிற பட்டைக்குத்தான் லைனிங் என்று பெயர். மலையிலிருந்து இறங்கி வரும் வண்டிகளில் அது கருகி, கண்ணாடி மாதிரி வழுவழுத்துப் போயிருக்குமாம். டிரம் சூட்டில் நீலம் பாரித்திருக்குமாம். சில வண்டிகள் தானாக ஓடி வராது, வேறு வண்டியில் கட்டி இழுத்து வருவார்கள். அந்த வண்டிகளின் டிரைவர் சீட்டைப் பார்க்காமல் சக்கரத்தை மட்டும் பார்த்து வேலை செய்யப் பழகிக்கொண்டதாக ஒரே ஒரு முறை சொன்னார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் வேலைக்குப் போனபிறகு நானும் அவரோடு வண்டியில் கிளம்பிவிட்டேன். வீட்டில் உட்கார்ந்து சுவரோடு பேச என்னால் ஆகாது. ஆனால் வண்டிக்குள் எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். இறக்கம் தொடங்கியதும் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சுவிட்சைத் தட்டுவார். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த நொடியில் வண்டிக்கு அடியிலிருந்து பர்ர்ர் என்று ஓர் உறுமல் கிளம்பும். அதுதான் எக்ஸாஸ்ட் பிரேக். புகைக்குழாய்க்குள் ஒரு தகடு மூடிக்கொள்ளும், புகை வெளியே போக வழியில்லாமல் இன்ஜின் திணறும், அந்தத் திணறல்தான் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். மலை முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைவலி வந்துவிடும்.

"உங்க அம்மணி தொண்டையச் செருமிக்கிட்டே வர்றா. கொஞ்ச நேரம் வாய மூடச் சொல்லுங்க" என்பேன்.

"அவ வாய மூடுனா நான் கால வைக்கணும். கால் பிரேக்க இப்பவே செலவழிச்சுட்டா, ஒரு ஆபத்துன்னு வரும்போது அதுல ஒண்ணும் மிச்சம் இருக்காது."

இதைக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் லைனிங் மாற்றவும் டயர் மாற்றவும் பட்டறைக்கு நடையாய் நடந்தபோது எங்கள் வண்டி வேலையில் இருந்தது. மழை பெய்து, வண்டியும் காலியாக இருந்தால் மட்டும் சுவிட்சைத் தொடமாட்டார், ஈரத்தில் பின்சக்கரம் வழுக்கிவிடும் என்பார். அடிவாரத்தில் நிறுத்தியதும் இறங்கிப் போய் ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் உள்ளங்கையை நீட்டிச் சூடு பார்ப்பார். "காய்ச்சல் இருக்கா டாக்டர்?" என்று என் தம்பி கத்துவான். ஸ்டாண்டே சிரிக்கும்.

அன்றைக்கு மேலே எங்கள் வண்டியில் உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றினோம். பக்கத்துக் களத்தில் தம்பி தரைக்குப் போடுகிற கற்பலகைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். இவர் பழக்கதோஷத்தில் அவன் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"மாப்ள, எக்ஸாஸ்ட் பிரேக் வயர் தொங்குதே?"

"நான்தான் கழட்டி விட்டேன் மாமா. புகைய அடைச்சு வச்சா இன்ஜின் மூச்சு முட்டிச் செத்துப்போகும்னு மெக்கானிக் சொல்றாரு."

"அதுக்குன்னே செஞ்ச இன்ஜின்டா அது, சாகாது. ஸ்பேனர் கொண்டு வர்றேன், மாட்டிட்டு இறங்கு."

"அடுத்த நடைக்குப் பாத்துக்கலாம் மாமா."

"ஏத்தியிருக்கிறது கல்லு."

தம்பி தொடையைத் தட்டிக் காட்டினான். "எனக்குக் கால் இருக்கு. நீங்க முன்னால போங்க, பாதி மலை இறங்குறதுக்குள்ள வந்து உங்களப் பிடிச்சிடுறேன்."

நானும் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனார். அதற்குள் தம்பி கதவைப் பூட்டிவிட்டு, கல் ஏற்றியவர்களோடு பேசப் போய்விட்டான். உள்ளேயிருக்கும் சுவிட்சைத் தட்டிப் பார்க்காமல் வயரை மாட்டவும் முடியாது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்து வண்டியை எடுத்தார்.

பாதி மலைக்கு மேல் இறங்கியிருப்போம். உறுமலுக்கு நடுவே நான் அவரிடம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியில் கண் வைத்திருந்தார். நானும் என் பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தேன். மேல் வளைவைத் தாண்டித் தம்பியின் வண்டி வந்துகொண்டிருந்தது. சக்கரங்களிலிருந்து வெள்ளையாகப் புகை. அப்போதே போன் அடித்தது.

"அக்கா, பிரேக் பிடிக்கல."

அவன் குரல் மாதிரியே இல்லை. ஸ்பீக்கரில் போட்டேன்.

"கியர் என்ன?" என்று இவர் கேட்டார்.

"கியரே இல்ல மாமா. இறக்கிப் போடலாம்னு எடுத்தேன், இப்ப எதுலயும் விழ மாட்டேங்குது."

"ஹேண்ட் பிரேக்?"

"போட்டாச்சு. புகைதான் வருது."

ஹேண்ட் பிரேக்கும் அதே வெந்துபோன டிரம்மைத்தானே பிடிக்க வேண்டும். இது எனக்கே தெரியும், டிரைவர் வீட்டுப் பெண் நான். எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு வளைவுதான் பாக்கி. அதைத் தாண்டினால் நேரான நீண்ட சாலை, அது போய் முடிகிற இடம் சந்தைத் தெரு. காலை நேரம், தெரு கொள்ளாத கூட்டம் இருக்கும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பாறையில் சாய்த்து நிறுத்தலாமென்றால், அவன் முதுகுக்குப் பின்னால் நிற்பது கல். வண்டி மோதி நின்றாலும் கல் நிற்காது, கேபினை நசுக்கிக்கொண்டு முன்னால் வரும்.

என் தம்பி சாகப் போகிறான் என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைக்க வரவில்லை.

"வளைவ மட்டும் எப்படியாச்சும் திருப்பிடு. ரெண்டு கையையும் ஸ்டியரிங்ல வை" என்றார் இவர். நாங்கள் வளைவைத் தாண்டினோம். கண்ணாடியில் தம்பியின் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, டயர் அலற, தானும் திரும்பி வந்தது. சாலை நேரானது.

அப்போது உறுமல் நின்றது. இவர் ஆக்சிலேட்டரை மிதித்தார்.

முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. இத்தனை வருஷத்தில் இறக்கத்தில் இந்த மனிதர் ஆக்சிலேட்டரை மிதித்து நான் பார்த்ததே கிடையாது. போனில் தம்பி கத்தினான். "மாமா! ஏன் ஓடுறீங்க? என்ன விட்டுட்டுப் போறீங்களா மாமா?"

எனக்கும் அதே சந்தேகம்தான். தப்பித்தால் போதும் என்று ஓடுகிறாரா? ஓடினால்தான் என்ன சொல்ல முடியும்? பக்கத்தில் நானும் இருக்கிறேன், அவன் வண்டி வந்து மோதித் தூக்கி எறிந்தால் எங்கள் இருவரையும் சேர்த்துத்தான். நில்லுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை, போங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து கையைப் பார்த்தேன். கை கியர் கம்பியின் பக்கமே போகவில்லை. இன்ஜின் காது கிழிய அலறிக்கொண்டிருந்தது, அவர் மூன்றாவது கியரிலேயே இருந்தார். எங்கள் அப்பாவைப் பார்த்து வளர்ந்தவள் நான். தப்பி ஓடுகிறவன் மேல் கியர் போடுவான், பிடித்து நிறுத்த நினைக்கிறவன்தான் கீழ் கியரை விடமாட்டான்.

"ஓடல மாப்ள. உன் வேகத்துக்கு வர்றேன்" என்றார். குரல் ஏறவில்லை. "நீ வந்து மோதக் கூடாது, சாயணும். ஸ்டியரிங்க நேரா பிடி, என் முதுகப் பாத்து வா."

"இடிச்சா கல்லு வந்துரும் மாமா."

"அதுக்குத்தான் சொல்றேன். மெதுவா வா."

மெதுவாக வர அவனிடம் என்ன இருந்தது? மோதலை மெதுவாக்க வேண்டியவர் இவர்தான். கண்ணாடியில் அவன் வண்டியின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்து, பிறகு பெரிதாவது குறைந்தது. முன்னால் சந்தைத் தெருவின் முதல் கடைக் கூரை தெரிந்தது. இவர் சாலையைப் பார்ப்பார், கண்ணாடியைப் பார்ப்பார், பாதத்தை ஒரு மயிரிழை தளர்த்துவார். நான் டேஷ்போர்டைப் பிடித்திருந்த பிடியில் நகம் மடங்கிப்போனது, பிறகுதான் வலி தெரிந்தது.

டொம் என்று ஒரு சத்தம். மூட்டைகள் குலுங்கின. நாங்கள் முன்னால் தள்ளப்பட்டோம், அவ்வளவுதான்.

"சாஞ்சிட்டேன் மாமா" என்று தம்பி அழுதான்.

இவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை முழுக்க எடுத்தார். என் சக்களத்தி வாயைத் திறந்தாள். அப்படி ஓர் உறுமலை நான் கேட்டதில்லை, கேபின் தகடெல்லாம் நடுங்கியது. இரண்டு வண்டிப் பாரமும் அந்த ஒரு குழாயின் மூச்சுத் திணறலில் தொங்கியது. கிளட்ச் பக்கம் அவர் காலே போகவில்லை, தொட்டால் அந்தப் பிடி விட்டுப்போகும். வேகம் ஏறுவது நின்றது. பிறகு இறங்க ஆரம்பித்தது. ஆனால் எக்ஸாஸ்ட் பிரேக் வேகத்தைக் குறைக்கும், வண்டியை நிறுத்தாது. நிறுத்தக் கால் பிரேக்தான் வேண்டும். மலை முழுக்க அவர் செலவழிக்காமல் சேர்த்து வைத்திருந்தது அதைத்தான். இப்போது பெடலில் கால் வைத்து, சிறுகச் சிறுக அழுத்தினார். ஆறிக் கிடந்த லைனிங் கவ்விப் பிடித்தது.

முதல் கடைக்காரர் தராசை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்திலிருந்த மீசை எனக்குத் தெளிவாகத் தெரிகிற தூரத்தில் வண்டி நின்றது.

நான் இறங்கி ஓடினேன். எங்கள் பின்கதவு அப்பளம் மாதிரி நொறுங்கி, உருளைக்கிழங்கு சாலையெல்லாம் உருண்டது. தம்பியின் கற்பலகைகள் ஒரு சாண் முன்னால் நகர்ந்து, கேபின் தகட்டை உள்ளே தள்ளிவிட்டு நின்றிருந்தன. அவன் ஸ்டியரிங்கை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தான், ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தேன். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பிரித்தேன். முதுகில் இரண்டு அறையும் கொடுத்தேன். பிறகு கட்டிக்கொண்டு அழுதேன்.

இவர் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல எங்கள் டிரம்களுக்குப் பக்கத்தில் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். தம்பியின் சக்கரத்தை யாரும் நெருங்க முடியவில்லை, அவ்வளவு அனல். கடைசியாக எங்களிடம் வந்து, அவன் நெற்றியில் அதே உள்ளங்கையை வைத்தார். தம்பி அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். காய்ச்சல் இருக்கா என்று கேட்க அன்றைக்கு யாருக்கும் வாய் வரவில்லை.

தம்பி வண்டி பட்டறையிலிருந்து வெளியே வந்ததும் முதல் நடை மலைக்குத்தான் கிடைத்தது. அன்று எங்களுக்கு வேலையில்லை. இவர் முன்னறையில் உட்கார்ந்து துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார், நான் அடுப்படியில் இருந்தேன். போன் அடித்தது. தம்பி. ஈரக் கையைத் துடைக்காமலே எடுத்தேன்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா. இறங்கிக்கிட்டு இருக்கேன். சும்மா கேளு."

அவன் பேசவில்லை. பர்ர்ர் என்ற உறுமல் மட்டும் வந்தது. ஸ்பீக்கரில் போட்டு முன்னறைக்குக் கொண்டுபோனேன். இவர் ஒரு சட்டையை மடியில் வைத்துக்கொண்டு காதைக் கொடுத்தார்.

"மூணாவதுல வர்றான். பிடிமானம் பத்தாது, இன்னும் ஒண்ணு இறக்கச் சொல்லு."

"கேட்டுச்சு மாமா" என்றான் தம்பி.

கியர் மாற்றக் கிளட்ச்சை மிதித்திருப்பான். உறுமல் நின்றுபோனது. அறையில் சத்தமே இல்லை. இவர் கையில் சட்டை அப்படியே இருந்தது.

மறுபடி உறுமியது, முன்னைவிடப் பலமாக. இவர் அடுத்த சட்டையை எடுத்தார்.